ஓகஸ்ட் மாதத்துப் பெயரில்லாத பிள்ளைகள்

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது என்று உங்களுக்கு முதல் கிழமையிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். நான் அதற்குள் போகவில்லை. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். நல்லாய்ச் செய்த வேலை கோப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பிழை விட்ட கதையை விட்டவன் வாய் திறந்தால்தான் கேட்கலாம்.

ரொறன்ரோவுக்கு வருமுன் யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்தேன். இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஐந்து பேராய் இருந்து, தொழிற்சாலைகளில் பெட்டி மடித்து, கடைசியில்தான் இந்த மாநகரின் பழைய பதிவேடுகள் உள்ள நிலையத்தில் நிரந்தரமில்லாத ஒரு கொன்றாக்ற் வேலை கிடைத்தது. என்னை எடுத்ததே கச்சேரி அனுபவத்துக்காகத்தான். பதிவேடு என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு மிதப்பு எனக்கு. அந்த மிதப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

எனக்குத் தந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து மரணப் பதிவேடுகள். அதிலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும். இந்த நகரத்தில் குழந்தைகள் ஏன் அப்படிச் செத்தன என்று ஒரு கண்காட்சி வைக்க இருந்தார்கள். பக்கம் பக்கமாகக் குழந்தைகள். மரணத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் பல் முளைத்தல் என்று எழுதியிருப்பார்கள். பல் முளைத்துச் சாகிற பிள்ளையை யாராவது கண்டதுண்டா? அல்லது கோடைக் கழிச்சல். அல்லது வெறுமனே பலவீனம். உண்மையான காரணம் மற்றக் கட்டங்களில் கிடந்தது. முகவரியில் ஒரே நாலைந்து சந்து ஒழுங்கைகள் திரும்பத் திரும்ப வரும். தகப்பன் தொழிலில் கூலி என்று வரும். தகப்பன் பெயரே இல்லாத இடத்தில் தாய் வீட்டு வேலைக்காரி என்று வரும்.

அந்த வேலைக்காரிகளின் பிள்ளைகளில் பலருக்குப் பெயர்க் கட்டத்தில் "பெயர் இல்லை" என்றிருக்கும். வயதுக் கட்டமும் பெரும்பாலும் வெறுமை. வயது தெரியாத பிள்ளையை எந்தப் பிரிவில் போடுவது? நானே ஒரு விதி போட்டேன். பெயர் இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் இறந்த பிள்ளை. எங்கள் சுப்பர்வைசர் சுபா, என்னைவிட இருபது வயது இளையவள், மூன்று வயதில் இங்கே வந்து வளர்ந்த பிள்ளை. "உறுதியாத் தெரியுமோ, அங்கிள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளும் என் கச்சேரியை நம்பி விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹெலன் வந்தார். ஒஷாவாவிலிருந்து வந்த, எண்பதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி, கையில் ஊன்றுகோல். தன் அம்மம்மாவைப் பற்றி ஒன்று அறிய வேண்டும் என்றார். அம்மம்மாவின் பெயர் மேரி. கலியாணத்துக்கு முன் ரொறன்ரோவில் வீட்டு வேலை செய்தவர். அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து செத்துப்போயிருக்கிறது. பிறகு ஒஷாவா போய், கலியாணம் கட்டி, ஹெலனின் தாயைப் பெற்றார். முதல் பிள்ளையை மேரி கவனியாமல் சாகவிட்டவள் என்பது குடும்பத்தில் பரம்பரையாய் வந்த பேச்சு. அதை மற்ற எவரையும்விட நம்பியவர் ஹெலனின் தாய். மேரி இறந்தபோது குடும்பக் கல்லறையில் கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கல்லில் கணவரின் பெயர் இருக்கிறது. மேரியின் பெயரை அதில் வெட்டிப் பொறிக்க மகள் விடவில்லை.

"எனக்கு உடம்பு வருத்தம் கூடிக்கொண்டு போகிறது. சாகுமுன் அந்தப் பெயரைக் கல்லில் வெட்டிவிட வேண்டும். என் தம்பி விடமாட்டேன் என்கிறான். ஒரு கடதாசி காட்டினால் விடுவான்" என்றார் ஹெலன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

தேடினேன். இருந்தது. கலியாணமாகாத தாய்மாரின் பிள்ளைகளை வைத்திருந்த ஒரு கைக்குழந்தை இல்லத்தில், மேரி என்ற வேலைக்காரியின் பெண் குழந்தை. ஹெலன் தந்த குடும்பப் பெயரும் வருடமும் ஒத்திருந்தன. பெயர் இல்லை. வயது வெறுமை. காரணம் பலவீனம். மாதம் ஓகஸ்ட்.

"எத்தனை நாள் இருந்தது?" என்று கேட்டார் ஹெலன்.

பதிவேட்டில் அது இல்லை, அம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வசனம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மனம் இளகிப்போனது. "சில நாட்கள்தான். பிறக்கும்போதே பலவீனமான பிள்ளை. உங்கள் அம்மம்மா செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை" என்றேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுதித் தருவீர்களா என்று கேட்டார். நிலையத்தின் கடிதத் தாளில் அதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மூன்று கிழமை கழித்துச் சுபா என்னைக் கூப்பிட்டாள். கண்காட்சிக்கான படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், ஒருக்கா வாங்கோ. இந்தப் பேரில்லாத பேபீஸ் எல்லாம் நியூபோர்ன் எண்டுதானே போட்டிருக்கிறீங்கள்?"

"ஓம்."

"அப்ப ஏன் எல்லாரும் ஓகஸ்ட்டில சாகினம்? பிறக்கிறது எல்லா மாசமும் பிறக்குந்தானே?"

"வெக்கை" என்றேன்.

"வெக்கை எண்டா, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அவ்வளவு வராது. போத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் கழிச்சல். உவ்வளவு பேரும் பிறந்த கிழமையே போத்திலோ? நியூபோர்ன் எண்டு ஆர் சொன்னது?"

"பேர் வைக்கேல்லையே, பிள்ளை. முப்பத்தொண்டு கழியாத பிள்ளைக்கு..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

சுபா திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. அவள் வீட்டிலும் முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழித்துத்தானே பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். கச்சேரியில் நான் எழுதிய பதிவேடுகளில் "பெயரிடப்படாத குழந்தை" என்றால் முப்பத்தொரு நாள் கழியாத குழந்தை என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் அதற்கு இருக்கக்கூடும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இங்கே என் மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரித் தாதி பெயரைக் கேட்டு நச்சரித்தபோதும், பொறுங்கோ முப்பத்தொண்டு கழியட்டும் என்று நின்றவன் நான். எங்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டுபோய் நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். ஏற்றியதும் எனக்குத் தெரியவில்லை. பழக்கதோஷம் என்பது அப்படித்தான் வரும், கதவைத் தட்டிக்கொண்டு வராது.

அந்த இல்லத்தின் அனுமதிப் புத்தகம் எங்கள் நிலவறையில் இருந்தது. இரண்டு பேரும் இறங்கிப் போய் எடுத்து, தாய்மாரின் பெயரை வைத்து ஒத்துப் பார்த்தோம். அதில் பிள்ளையின் பெயருக்குக் கட்டமே இல்லை, பிறந்த நாள்தான் இருந்தது. நான் புதுப் பிள்ளைகள் என்று போட்டதுகள் மூன்று மாதம், ஐந்து மாதம், ஏழு மாதப் பிள்ளைகள். சிரிக்கத் தெரிந்த பிள்ளைகள். பெயர் இல்லாததற்குக் காரணம் வயதில்லை. இறப்பைப் பதிய வந்த இல்லத்து எழுத்தன் பெயரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை, பதிந்தவனும் கேட்கவில்லை. தகப்பனில்லாத பிள்ளையின் பெயர் யாருக்குத் தேவை?

மேரியின் பிள்ளை ஐந்து மாதம் இருந்திருக்கிறது. அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. தாயும் பிள்ளையுமாகச் சேருகிற பெண் தன் பிள்ளையோடு இன்னொரு பிள்ளைக்கும் பால் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில் வசதியான வீட்டிலிருந்து பால்தாய் வேண்டுமென்று ஆள் வரும். வேலைக்காரிக்குப் பிள்ளையோடு வேறெந்த வீட்டிலும் வேலை கிடைக்காது. ஆகவே போவாள். அவள் பால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு. அவள் பிள்ளைக்குப் போத்தில். அந்தக் கோடையில், திறந்த தகரங்களில் வண்டியில் வந்து, ஐஸ் இல்லாமல் திரிந்துபோன பால். மேரியும் மூன்றாம் மாதம் அப்படித்தான் போயிருக்கிறாள்.

பலவீனம் என்று எழுதியவனில் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகுதான் உறைத்தது. அவன் எழுதியதை இன்னும் பூசி மெழுகியவன் நான். என் அட்டவணைப்படி அந்தப் பிள்ளைகளெல்லாம் பிறப்பிலேயே சாக விதிக்கப்பட்டவை. யாருக்கும் பொறுப்பில்லை.

சுபா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அட்டவணையை நான் நிப்பாட்டுறன், அங்கிள். மேல சொல்லத்தான் வேணும், உங்கட பேரும் வரும். உங்கட பேர்மனன்ற் வேலைக்கு இன்ரவியூ இந்த மாசந்தானே, ஐ ஆம் சொறி. ஆனா அந்த லெட்டர்..."

"அது நான் எழுதினது."

"ஓம். நீங்கள்தான் போகோணும்."

மல்வேர்ன் வீட்டுக்கு வந்து மனைவி வசந்தியிடம் சொன்னேன். நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றக்கூட இல்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அந்த மனிசி ஆறுதலாப் போட்டுது. இப்ப போய், உன்ர அம்மம்மா பால் குடுக்கிற வேலைக்குப் போனவ, இஞ்ச பிள்ளை கழிச்சலில செத்தது எண்டு சொல்லப் போறியளோ? பேரை வெட்டிப்போட்டு நிம்மதியாக் கண்ணை மூடட்டும்."

"பொய்க் கடதாசி, வசந்தி."

"பொய் எண்டு உங்களுக்கும் சுபாவுக்கும்தானே தெரியும்."

எனக்கும் அந்த யோசனை இல்லாமலில்லை. உண்மையைச் சொன்னால் மேரியின் பெயர் கல்லில் ஏறாது. தம்பிக்காரன், பார் நான் சொன்னேனே, பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் என்பான். சொல்லாவிட்டால் ஏறும். யாருக்கு நட்டம்? இப்படி ஒரு கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாருக்கு நட்டம் என்று நான் கேட்டபோது என் இன்ரவியூவும் அந்தக் கேள்விக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. ஹெலனுக்காக மட்டும் கேட்கிறேன் என்று என்னை நானே பேய்க்காட்டிக்கொண்டிருந்தேன்.

வசந்தி தேத்தண்ணி வைத்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள். "பேரில்லையாம், பேர். எந்தத் தாய் அஞ்சு மாசம் பேரில்லாமல் தூக்கித் திரிவாள்? எங்கட பிள்ளைக்கு நீங்கள் முப்பத்தொண்டுக்குப் பேர் வச்சியள். நான் ஆஸ்பத்திரியிலயே ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டனான். உங்களுக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான்."

இருபது வருடத்துக்கு மேலாக அதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். என்ன பெயர் என்று கேட்டேன். "இனியென்னத்துக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் காலை மறுபடி நிலவறைக்குப் போனேன். மேரி பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதை யாராவது ஒருவர் எங்காவது எழுதியிருக்கக் கூடும். அந்த இல்லத்தின் புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய. ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். மத்தியானம் கழிந்து, பார்வையாளர் புத்தகத்தைத் திறந்தேன். ஞாயிறு பின்னேரங்களில் வந்து போனவர்களின் வரவு அது. வந்தவர் பெயர், யாரைப் பார்க்க வந்தார், இரண்டு கட்டம்தான்.

மேரிக்கு எழுதத் தெரியாது. யாரோ ஒரு மேற்பார்வைப் பெண் பெயரை எழுத, பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி, பெருக்கல் குறி. அவள் பால்தாயாகப் போன நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அந்தப் புள்ளடி இருந்தது. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் அதே மேற்பார்வைப் பெண்ணின் எழுத்தில் ஒரு பெயர். பிள்ளை இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு அடுத்த ஞாயிறும் மேரி வந்திருக்கிறாள். புள்ளடி இருக்கிறது. அந்தப் பெயரும் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

நிலவறையில் தனிய இருந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒஷாவாவில் ஹெலன் தன் குசினியில் என்னை இருத்தி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். நான் எழுதிய கடிதம் மேசையிலேயே இருந்தது. தம்பி கடிதத்தை வாசித்துவிட்டுச் சம்மதித்துவிட்டானாம். கல் வெட்டுபவர் அந்தக் கிழமை வருவதாக இருந்தாராம். நான் கோப்பையைத் தொடவில்லை.

"இந்தக் கடிதம் பிழை. உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமென்று தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மாதம், பால்தாய் வேலை, போத்தில், ஓகஸ்ட்.

அவர் முகம் இறுகிவிட்டது. "அப்படியானால் அம்மா சொன்னது சரி. விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்" என்றார்.

"போயிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வந்திருக்கிறார்." பார்வையாளர் புத்தகத்தின் நகல்களை எடுத்து வரிசையாக வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளடியாய் விரல் வைத்துப் பார்த்தார். கடைசித் தாளில் நின்றார்.

"இது எந்த ஞாயிறு?"

"பிள்ளை இறந்ததற்கு அடுத்த ஞாயிறு."

"அவளுக்கு யாரும் சொல்லவில்லையா?"

பிள்ளைகளே, ஓம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்கும் என் மனம் சொல்கிறது. ஆனால் உடுப்பை எடுக்க வந்திருக்கலாம். எங்கே புதைத்தார்கள் என்று கேட்க வந்திருக்கலாம். "அது புத்தகத்தில் இல்லை. வந்தார் என்றுதான் இருக்கிறது" என்றேன். அந்த வேலையில் நான் இருந்த காலம் முழுவதும் சொன்ன மிகக் கடினமான வசனம் அதுதான்.

ஹெலன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பக்கத்துக் கட்டத்தைக் காட்டி, "இந்த எழுத்து எனக்குத் தெரியவில்லை. என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"அது பிள்ளையின் பெயர். ரூத்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரூத் என் அம்மாவின் பெயர்" என்றார். "அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர்கூட வைக்காதவள் என்று சொல்லிச் சொல்லித்தான் என் அம்மா செத்தாள்."

தன் பெயர் யாருடைய பெயர் என்று தெரியாமலே, அந்தப் பெயரைத் தனக்கு வைத்த தாயை ஒரு மனிசி வாழ்நாள் முழுக்க வெறுத்திருக்கிறாள். மேரியும் வாய் திறக்கவில்லை. ஏன் என்றும் புத்தகத்தில் இல்லை.

பழைய கடிதத்தை நான் கேட்க முன் ஹெலனே கிழித்தார். புதிதாக ஒன்று தாருங்கள், உள்ளதை மட்டும் எழுதுங்கள் என்றார். அடுத்த நாள் சுபாவிடம் காட்டி அனுப்பினேன். மூன்று வரி. மேரி என்பவர் தன் மகள் ரூத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார் என்பதும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்பதும். கண்காட்சி பிந்தியது. அட்டவணை முழுவதையும் திருப்பிச் செய்தோம். என் நிரந்தர வேலை ஒரு வருடம் தள்ளிப்போனது, அது நியாயம்தான்.

இலையுதிர் காலத்தில் ஹெலன் தொலைபேசியில் எடுத்தார். தம்பி அந்த மூன்று வரியையும் வாசித்துவிட்டு, எழும்பி வெளியே போய்க் காருக்குள் கனநேரம் இருந்தானாம். பிறகு வந்து, வெட்டு என்றானாம். மேரியின் பெயருக்குக் கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் வெட்டக் கொடுத்தார்களாம். அந்தக் கல்லிலேயே அவர்களின் தாயின் பெயரும் இருக்கிறது. ஒரே கல்லில் ரூத் என்று இரண்டு தடவை வருகிறது, எங்கேயோ பிழை விட்டிருக்கிறீர்கள் என்று கல் வெட்டுகிறவர் எடுத்துச் சொன்னாராம்.

"பிழையில்லை, அப்படியே வெட்டுங்கள் என்று சொன்னேன்" என்றார் ஹெலன்.